சனிக்கிழமை வரை மூச்சு

…மண்ணாசையாக இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும், வட்டையிலிருந்து ஒரு பிடி வயல்மண் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்து ஒரு கரண்டி ஊற்றினார்கள், அழகரெத்தினம் அதை நல்ல தேத்தண்ணி மாதிரி விழுங்கிவிட்டுக் கிடந்தான், பொன்னாசையும் இல்லை, கேதீஸ்வரி தன் தாலிக்கொடியைக் கல்லில் உரைத்து அந்தத் தண்ணீரையும் பருக்கிப் பார்த்தாளாம், பிறகு வாயாசையாக இருக்குமோ என்று வாவியில் பட்ட கொய் மீனில் ஆணம் வைத்து நாக்கில் தொட்டு வைத்தார்கள், அதற்கு மட்டும் ஒருமுறை சப்புக்கொட்டிவிட்டு உப்புப் போதாது என்பதுபோல் முகத்தைச் சுளித்தானாம், போகவில்லை, மூச்சு வருகிறது, நிற்கிறது, கொஞ்சம் யோசிக்கிறது, போகிறது… கந்தப்போடி கட்டிலின் தலைமாட்டில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, கடைக்காரன் தராசைப் பார்ப்பதுபோல் அந்த மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். களுதாவளையில் இது ஒன்றும் புதுமையில்லை, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர்மார் அனுப்பிவிட்ட பிறகும் ஒரு மனிதன் இழுத்துக்கொண்டு கிடந்தால், ஏதோ ஓர் ஆசை உள்ளே கொளுவிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் உயிர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடும், இந்த ஊரிலேயே ஒருவர் பஸ்ஸில் யன்னலோரம் உட்கார ஆசைப்பட்டு இழுத்துக் கிடந்ததாகவும், டிப்போவில் சொல்லி ஒரு பஸ்ஸையே வளவுக்குள் கொண்டுவந்து கட்டிலோடு ஏற்றியதாகவும், கண்டக்டர் ரிக்கற் கிழித்த சத்தம் கேட்டதும் ஆள் போய்விட்டதாகவும் சொல்வார்கள், கந்தப்போடி அந்த ரிக்கற்றைக் கண்ணால் கண்டவர், மிச்சக்காசைக்கூடப் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. அப்படியென்றால் இவனுக்கு எது கொளுவி நிற்கிறது? இன்று வியாழன். சனிக்கிழமை வரைக்கும் இழுப்பானா, மாட்டானா? எத்தனை நாவல் எழுதினாலும் கடைசியில் மனிதனுக்கு வந்து சேருகிற கேள்வி ஒரு வரிதான்.

காலையில் நளீர் போன் எடுத்திருக்காவிட்டால் இந்தக் கேள்வியும் இல்லை, கந்தப்போடி நாவற்குடாவில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அது வந்தது, காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கிற நளீர், வாவிக்கரை நாவல் விருதின் செயலாளர், ரகசியம் காப்பதில் பேர்போனவர், ஒவ்வொரு வருஷமும் முடிவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் சொல்வார். போடியார், ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படா, முதலாவது அழகரெத்தினம் மாஸ்டர், ரெண்டாவது நீங்க, மூணாவது ஏறாவூர் நிஸ்றா, அந்தப் புள்ளைக்கு வயசு கிடக்குது, இன்னும் எழுதும், பரவாயில்ல… உங்களுக்கு வயசு இல்லை என்பதை நளீர் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதுதான் கந்தப்போடியின் காதில் சத்தமாக விழுந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாஸ்டருக்கு எப்பிடி, சனிக்கிழமை வரைக்கும் தாங்குவாரா, இல்லாட்டி நம்மட சட்டப்படி அது உங்களுக்குத்தானே வருது, பொன்னாடை ஒரே அளவுதான், பேர் மட்டும்தான் மாத்தணும், நீங்க பார்த்திட்டு ஒரு வார்த்த சொல்லுங்க… நம்மட சட்டமாம். அது கந்தப்போடியின் சட்டம், கமிட்டியில் இருந்த காலத்தில் அவரே எழுதி அவரே முன்மொழிந்தது, விருது வழங்கும் நாளில் உயிரோடு இருப்பவருக்கே விருது, இல்லையேல் அடுத்த இடத்தவருக்கு. காரணம் இல்லாமலா கொண்டுவந்தார், ஒரு வருஷம் வென்றவர் விழாவுக்கு முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டார், மேடையில் படத்தை வைத்துப் பொன்னாடை போர்த்தினால் கண்ணாடியில் வழுக்கி வழுக்கி விழுகிறது, கடைசியில் படத்தை வைத்த கதிரைக்குப் போர்த்தினார்கள், மூத்த மகன் அந்தக் கதிரையை அப்பா என்று கட்டிப்பிடித்து அழுது வீட்டுக்கே கொண்டுபோய்விட்டான், மண்டபத்துக்காரன் இன்றைக்கும் கதிரை கேட்கிறான், பரிசாகக் கொடுத்த வெள்ளி மீனுக்கு இரண்டு மகன்மாரும் இழுபட்டதில் வால் கழன்றது, இப்போது வாலில்லாத மீன் ஒரு வீட்டிலும் மீனில்லாத வால் மற்ற வீட்டிலும் இருக்கிறது, இரண்டு வீட்டாரும் வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். நோபல்காரனே செத்தவனுக்குக் குடுக்கிறதில்ல, நாம ஆரு, என்று கந்தப்போடி கேட்டபோது கமிட்டி முழுவதும் கையைத் தூக்கி ஒப்புக்கொண்டது, அறிவித்த பிறகு செத்தால் நோபல்காரன் கொடுத்துவிடுவான் என்கிற மிச்சப் பாதியை அவர் சொல்லவில்லை, அவர்களும் தேடிப் பார்க்கவில்லை. அந்த வருஷம்தான் அழகரெத்தினத்துக்கு முதலாவது நெஞ்சுவலி வந்தது. அது தற்செயல். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், சொல்லும்போது சிரித்தார்கள்.

மின்விசிறி சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் முனகுகிறது, கட்டிலில் கிடப்பவன் முனகுகிறானா விசிறி முனகுகிறதா என்று வேறுபிரிக்க முடியவில்லை, இவன் எழுத்தும் இப்படித்தான், வாசிக்கும்போது யார் முனகுகிறார்கள் என்று தெரியாது, நாவலா வாசகனா… ஆனாலும் இவன்தான் முதலாவது. ஏன்? நடுவர்களுக்கு என்ன வந்தது? ஒருகாலத்தில் இதே விருதுக்கு வந்த நடுவர் ஒருவர் நாவல்களை நெல்லுத் தராசில் போட்டு நிறுத்துப் பார்ப்பார், இன்னொருவர் இடப்பக்கங்களை மட்டும் வாசிப்பார், மற்றவர் வலப்பக்கங்களை, இரண்டு பேரும் ஒருநாளும் கருத்து முரண்பட்டதில்லை, அதெல்லாம் நேர்மையான காலம். இப்போது நடுவர்கள் முழுவதையும் வாசிக்கிறார்களாம், அதனால் வந்த வினை. முழுவதையும் வாசித்தால் இவன் நாவலின் ஏழாம் அத்தியாயமும் கண்ணில் படும், அந்த அத்தியாயத்தில் ஒரு கிளாக்கர் வருகிறான், கந்தசாமிக் கிளாக்கர், அரசாங்கக் கச்சேரியில் வேலை, நாவல் எழுதுகிறவன், அவன் வீட்டுப் பெட்டிக்குள் கறையான் புகுந்து காணி உறுதிப்பத்திரத்தைத் தின்கிறது, கலியாணச் சேலையைத் தின்கிறது, பெட்டியையே தின்கிறது, அவன் எழுதிய நாவல்களை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு வரிசையாகத் திரும்பிப் போகிறது. கந்தப்போடி முப்பது வருஷம் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். வாசித்த அன்று சோறு இறங்கவில்லை, மறுநாளும் வாசித்தார், அதற்கு அடுத்த நாளும், கொடுமை என்னவென்றால் புத்தகத்திலேயே அந்த அத்தியாயம்தான் உயிரோடு இருந்தது, கறையான்கள் திரும்பிப் போகிற இடத்தில் அவரே சிரித்துவிட்டார், சிரித்ததற்காகத் தன் கன்னத்தில் தானே ஒன்று போட்டுக்கொண்டார். பாவி, என்னை வைத்தே வென்றிருக்கிறான்… தன் சாவையாவது எனக்கு விட்டுத்தரக் கூடாதா?

கதவடியில் கேதீஸ்வரி வந்து நிற்கிறாள், போகிறாள், வருகிறாள், ஏதோ கேட்க வேண்டும் போலும், கேட்கட்டும். முற்றத்தில் வாடகைக் கதிரைகள் வந்து அடுக்கிக் கிடக்கின்றன, சாகாத வீட்டுக்குக் கதிரை வந்தால் அவமானம் என்று மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடியிருக்கிறார்கள், சாக்குக்குக் கீழே கால்கள் தெரிகின்றன. இந்த முற்றத்தில்தான் ஒவ்வொரு ஒக்டோபரிலும் அழகரெத்தினம் பின்னேரம் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், சுவீடனில் நோபலுக்குப் பேர் சொல்கிற நேரம், கேதீஸ்வரி தங்கச்சிக்குப் போன் எடுக்கப்போனால் லைனை மறிக்காத புள்ள என்று சத்தம் போடுவான், ஒரு சொல்கூட சுவீடிஷில் வராத மனிதன், தமிழிலேயே மட்டக்களப்பைத் தாண்டிப் போகாத புத்தகம்… பேர் வந்ததும் கந்தப்போடிக்குத்தான் முதல் போன் வரும், இவன் ஆருடா, நான் வாசிச்சதே இல்லையே, நான் வாசிக்காதவனுக்கு எப்பிடிக் குடுத்தான்? கந்தப்போடி கேலி செய்வார், எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார், ஆனால் அந்தப் பின்னேரத்தில் தன்னுடைய போனுக்கும் சார்ஜ் போட்டு வைத்திருந்தது ஏன் என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. லண்டனில் கொடுக்கிற நாவல் பரிசு வேறு மாதிரி, ஆறு பேரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்து, ஒருவனுக்குக் கொடுத்து, ஐந்து பேரைக் கைதட்டச் சொல்வார்கள், அழகரெத்தினம் அந்த வீடியோவைப் போனில் போட்டு வென்றவனைப் பார்க்கவே மாட்டான், இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து அந்த ஐந்து முகங்களைத்தான் பார்ப்பான், பாரு மச்சான், இந்தப் பொம்புள சிரிக்கிறா, பல்லுத்தான் சிரிக்குது, கண்ணப் பாரு… அதைப் பார்த்தால் அவனுக்கு ஒரு வாரத்துக்கு நன்றாகப் பசிக்கும்.

"அண்ணன், ஒரு காரியம்," என்றாள் கேதீஸ்வரி. வந்துவிட்டாள். குரலில் அழுகை இல்லை, அழுது முடித்தவர்களுக்கு வருகிற கணக்குத்தான் இருந்தது, மகள் தக்ஷாயினி டோகாவிலிருந்து வந்திருக்கிறாள், லீவு முடிகிறது, ஞாயிறு கிறுகிப் போகணும், போய்விட்டால் மறுகா லீவு தரமாட்டார்கள், தகப்பன் திங்கட்கிழமை போனால் கொள்ளி நேரத்துக்குப் புள்ள டோகாவில் இருப்பாள்… கந்தப்போடி தலையாட்டினார், நியாயந்தான், சாகிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு வேண்டும். "நானும் மச்சாளும் எல்லாத்தையும் குடுத்துப் பார்த்திட்டம் அண்ணன். மண்ணுமில்ல, பொன்னுமில்ல. நேத்து ராவுதான் எனக்குப் பட்டது. இந்தப் பரிசுதான் இழுக்குது. உங்களுக்குத்தான் பரிசு எண்டு காதுக்குள்ள ஒருக்காச் சொல்லிடுங்க." பொய்தானே புள்ள, என்று கந்தப்போடி கேட்டார், இவளுக்கு முடிவு தெரியாது, நளீர் சொல்லாத ஒரே ஆள் இவளாகத்தான் இருக்க வேண்டும். "பொய்தான். நான் சொன்னா நம்ப மாட்டார், பொஞ்சாதி சொல்லுற நல்லதெல்லாம் பொய்யெண்டு அவருக்குத் தெரியும். நீங்க சொன்னா நம்புவார்." ஏன் நான்? "நீங்க இவ்வளவு காலத்தில அவருக்கு ஒரு நல்ல வார்த்த சொன்னதில்லையே, அண்ணன். அதான்." பின்னாலிருந்து அழகரெத்தினத்தின் அக்கா ஆச்சிப்பிள்ளை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்தாள், மண்ணுக்கும் பொன்னுக்கும் மீனுக்கும் யோசனை சொன்னவள் அவள்தான், "சொல்லு தம்பி, ஆடு மாடு கூட இப்பிடி இழுபடாது. பொய் சொன்னா வாய் வெந்திருமா? நீங்க ரெண்டு பேரும் புத்தகம் புத்தகமா அதத்தானே எழுதினீங்க."

அவர்களுக்கு அது பொய், அவருக்கு அது உண்மை, இதென்ன விளையாட்டு… சொன்னால் இவன் போவான். போனால் சனிக்கிழமை மேடையில் கந்தப்போடிதான். ஊரே சொல்லும், கூட்டாளி வந்து காதில் நல்ல வார்த்தை சொன்னான், நிம்மதியாகக் கண்ணை மூடினான் மனிசன், எவ்வளவு பெரிய மனம் என்று, ஆக புண்ணியமும் பரிசும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகின்றன, வாழ்க்கையில் அப்படி இரண்டு சேர்ந்து வந்ததை அவர் கண்டதில்லை, சேர்ந்து வந்தால் ஒன்று மற்றதன் பையைத் திருடியிருக்கும். சொல்லாமல் எழும்பிப் போனால்? இழுப்பான், இவன் இழுப்பான், சனி என்ன, சித்திரை வருஷம் வரை இழுப்பான். இல்லை, மாற்றிச் சொன்னால்… பரிசு எனக்கு என்று சொன்னால்? சொல்லலாம், எவ்வளவு சுவையான பொய், ஆனால் கோபம் வந்துவிடும், கோபம் வந்தால் இந்த மனிதன் சாகவே மாட்டான், எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரைத் தகரத்தோடு மேலே போனவன் இவன், தென்னை உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரன் கிணற்றடியில் நின்று சிரித்ததைக் கண்டு, கண்ட கோபத்தில் இறங்கி வந்து அவனுக்கு அடித்துவிட்டுத்தான் காயத்தைக் கழுவினான், கந்தப்போடி பக்கத்தில் நின்றவர், தகரம் மட்டும் ஆரையம்பதியில் விழுந்தது. ஆகவே உண்மைதான் சரி. ஒரு மனிதனைக் கொல்வதற்கு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் நல்ல உண்மையை. இதில் பாவம் எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தார், கையில் அகப்படவில்லை, அகப்படாததே கொஞ்சம் உறுத்தியது.

குனிந்தார். தைலமும் கஞ்சியும் கழுவாத தலையணையும் சேர்ந்த மணம், காதுக்குள் வெள்ளை மயிர் பற்றையாக வளர்ந்திருந்தது, இந்தக் காதுக்குள் எதையும் சொல்லலாம், என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்ல ஆளில்லை, உன் மூன்றாவது நாவலின் முடிவு திருட்டு என்று சொல்லலாம், என் முதல் நாவல் வெளியீட்டில் விமர்சன உரைக்கு ஏறி, அட்டையைப் பற்றியும் தையலைப் பற்றியும் மையின் மணத்தைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு இறங்கினாயே, அந்த மை இன்னும் மணக்கிறதடா என்று சொல்லலாம்… "அழகர்," என்றார், "பரிசு உனக்குத்தான்டா. காலத்தால நளீர் போன் எடுத்தவர். முதலாவது நீதான்." சொல்லும்போது குரல் உடைந்தது, அவர் உடைக்கவில்லை, அதுவாகத்தான் உடைந்தது, உண்மை அப்படி ஒரு கட்டிப்பட்ட சாமான். கதவடியில் கேதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள், இவ்வளவு நல்ல நடிப்பை அவள் எதிர்பார்க்கவில்லை.

மூச்சு நின்றது. வருவதற்கு முன் யோசிக்கிற நேரம் கடந்தது, அதற்கு மேலும் கடந்தது, விசிறி ஒரு சுற்று முனகி, இன்னொரு சுற்று முனகி, ஆச்சிப்பிள்ளை கொண்டையை அவிழ்த்தாள், ஒப்பாரிக்கு முதல் வரியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதும் தெரிந்தது, முற்றத்தில் யாரோ சாக்கை எடுக்கிறார்கள், கதிரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன… கந்தப்போடி அங்கே இல்லை, சனிக்கிழமை மேடையில் நின்றார், நீலச் சேட்டா வெள்ளையா, துக்கத்துக்கு வெள்ளை, பொன்னாடை நீலத்தில்தான் எடுக்கும், வெள்ளையே போடுவோம், வெள்ளி மீனை வாங்கி, வாயைத் திறந்த அந்தப் பாடுமீன் பாடுகிறதா கொட்டாவி விடுகிறதா என்று ஒருவருக்கும் தெரியாது, மைக்கைத் தொட்டு, இந்த மேடையில் நிற்க வேண்டியவன் நானல்ல, என் ஆருயிர் நண்பன்… அந்த இடத்தில் ஒரு நிறுத்தம், கண்ணாடியைக் கழற்ற வேண்டும், முன்வரிசையில் நிஸ்றா என்கிற அந்தப் பிள்ளை கண்ணைத் துடைக்கும், துடைக்கட்டும், அவளுக்கு வயசு கிடக்கிறது, நண்பன் எனக்கு விட்டுச்சென்ற இடம் என்று சொல்வதா, இட்டுச்சென்ற பணி என்று சொல்வதா, பணி என்றால் கொஞ்சம்…

"கஞ்சி," என்றது கட்டில்.

யாரும் நம்பவில்லை. அழகரெத்தினத்தின் ஒரு கண் திறந்தது, பிறகு மற்றது, இரண்டும் கூரையைப் பார்த்து, விசிறியைப் பார்த்து, ஆச்சிப்பிள்ளையின் அவிழ்ந்த கொண்டையைப் பார்த்து நின்றன. "என்ன, ஆரு செத்தது?" என்றான். தொண்டையில் வட்டை மண் இன்னும் இருந்தது போலும், குரல் உழவு முடிந்த வயல் மாதிரி வந்தது. தலையணை இரண்டு வைத்து நிமிர்த்தினார்கள், கஞ்சி வந்தது, குடித்தான், இன்னும் என்றான், குடித்தான், வெள்ளைச் சேட்டு கழுவிக் கிடக்கா என்று கேதீஸ்வரியிடம் கேட்டான், நகம் வெட்டணும் என்றான், செத்த பிறகு நகம் வெட்ட மாட்டார்கள் என்று தெரிந்தவன் மாதிரி அவசரப்பட்டான், தக்ஷாயினி குசினிக்குள் போனில் யாருக்கோ, ஓம், எழும்பிட்டார், இல்ல, இப்ப கஞ்சி குடிக்கிறார், எனக்கும் ஒண்டும் விளங்கல்ல, ரிக்கற்ற மாத்த ஏலுமா எண்டு கேளு, என்று அழுதுகொண்டிருந்தாள், மகிழ்ச்சியா மற்றதா என்று கேட்பது மரியாதை இல்லை. ஆச்சிப்பிள்ளை மட்டும்தான் கலங்கவில்லை, கொண்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டே, "இது அரைவாசி," என்றாள். என்ன அரைவாசி அக்கா? "ஆசைய அரைவாசி குடுத்தா உயிர் எழும்பி உக்காந்துக்கும் தம்பி, மிச்சம் எங்க எண்டு கேக்கும். முழுசாக் குடுத்தாத்தான் போகும். பாத்துக்கொண்டிரு, இப்ப கேப்பான்." உலகத்தில் உள்ள எல்லா டொக்டர்மாரையும் சேர்த்துக் கட்டினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்கள்.

கேட்டான். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வாயோரத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, பெண்களைப் பார்த்து வெளியே போங்க என்று விரலை அசைத்துவிட்டு, கந்தப்போடியின் பக்கம் மெல்லக் கிறுகினான், நாடி எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது, முகத்தில் சதை இல்லை, கண் மட்டும்தான் மிஞ்சியிருந்தது, அந்தக் கண்ணில் பசி.

"மச்சான்… ரெண்டாவது ஆரு?"

அட, இதுவா. கந்தப்போடிக்கு உள்ளே ஒரு கதவு திறந்தது, காற்று வந்தது, எல்லாம் தெரிந்தது, இதுதான் கொளுவி நிற்கிறது, பரிசு அல்ல, பரிசு பாதி, மற்றப் பாதி இது, நான்தான்டா ரெண்டாவது என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், கேட்டால் இந்த முகம் சிரிக்கும், பல்லும் சிரிக்கும் கண்ணும் சிரிக்கும், சிரித்தபடி தலையணையில் சாயும், இந்த முறை மூச்சு யோசிக்காது, நேராகப் போய்விடும், தக்ஷாயினிக்கு ரிக்கற் மாற்றத் தேவையில்லை, கதிரைகளுக்கு வேலை வரும், அச்சுக்காரன் பேரை மாற்றுவான், சனிக்கிழமை, வெள்ளைச் சேட்டு, மீன்… தோற்றேன் என்று சொன்னால் வென்றுவிடலாம், வேறு எந்தப் பரிசுக்கு இவ்வளவு மலிவான நிபந்தனை இருக்கிறது? சொல். வாயைத் திற. கந்தப்போடி வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது, இறங்கவில்லை, இவன் காத்திருக்கிறான், உதட்டையே பார்க்கிறான், சொன்னால் கடைசியாக இவன் கண்ணுக்குள் இருக்கப்போவது என்னுடைய முகம், ரெண்டாவதான முகம், பெருப்பித்துப் பார்ப்பான், அதை எடுத்துக்கொண்டு போய்விடுவான், போனவனிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குவது? பெரிசில்லை, செத்தவன்தானே, யாரிடம் போய்ச் சொல்லப் போகிறான்… ஆனாலும் நாக்கு இறங்கவில்லை.

"தெரியா மச்சான்," என்றார். "நளீர் அத சொல்லல்ல."

அழகரெத்தினம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான், நம்பினானா இல்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்கச் சதை போதாது. பிறகு தலையணையில் வசதியாகச் சாய்ந்தான், விடுமுறைக்கு வந்தவன் சாய்வதுபோல. "விசாரிச்சிட்டு வா," என்றான். "அவசரமில்ல. நான் இரிக்கன்."

வெளியே வந்தபோது கதிரைகளுக்கு மேல் சாக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள், கேதீஸ்வரி அவரைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது, அதற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது, என்ன அண்ணன் கேட்டவர், என்று கேட்டாள், ஒண்டுமில்ல புள்ள, மழை பெஞ்சதா எண்டு கேட்டான் என்றார், வேகமாக நடந்தார். கல்முனை வீதியில் வெயில், பஸ் தரிப்பில் நிழலில்லை, போன் அடித்தது, நளீர், போடியார், என்ன மாதிரி மாஸ்டர்ட நிலம, அச்சுக்காரன் கேக்கான்… கஞ்சி குடிக்கிறான் என்றார் கந்தப்போடி. அல்ஹம்துலில்லாஹ், அப்ப பேர மாத்தத் தேவையில்ல, உங்களுக்கும் சான்றிதழ் இரிக்கு, மேடைக்குக் கூப்பிடுவம், எல்லாருக்கும் முன்னால வந்து வாங்கணும், பின்னால ஒளிச்சு நிக்கப்படா, என்று நளீர் சிரித்தார். வாறன் என்றார். சொல்லிவிட்டுத்தான் கவனித்தார், அது வலிக்கவே இல்லை. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், நிஸ்றாவுக்கு முன்னால், கச்சேரியில் கூட வேலை செய்தவர்களுக்கு முன்னால் ரெண்டாவது என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எழும்பிப் போய் வாங்கலாம், பல்லைக் காட்டலாம், அதில் ஒன்றும் இல்லை. இரக்கத்தால்தான் சொல்லாமல் வந்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், பெண்சாதி நம்புவாள், அவருக்கே ஒரு மாதத்தில் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் இரக்கமில்லை. அந்த அறைக்குள் கிடக்கிற ஒருவனுக்கு மட்டும் தன் வாயால் சொல்லக் கூடாது என்று இவ்வளவு பெரிய பரிசை விட்டுவிட்டு வந்திருக்கிறார், உலகத்தில் அந்த ஒரு ஆளுக்கு மட்டும்… அப்படியென்றால் இவ்வளவு காலமும், அந்த நாவல்கள் எல்லாவற்றையும், ஒவ்வொரு வரியையும் அடித்து அடித்துத் திருத்தி, யார் வாசிப்பான் என்று நினைத்து எழுதினார்? மட்டக்களப்பு மட்டக்களப்பு என்று கத்திக்கொண்டு பஸ் வந்து நின்றது, கண்டக்டர், வாறீங்களா ஐயா, என்றான், கந்தப்போடி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏறவும் இல்லை, விடவும் இல்லை.